எண்ணூரை உடையாக்கிய பிலோமி

பிலோமினா போய்விட்டாள் என்ற செய்தி மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்தது. மாதவரத்திலிருந்து அவள் மகள் பேசினாள். "ஆன்ட்டி, அம்மா காலைல காபி கேட்டாங்க. கலந்து எடுத்துனு வர்றதுக்குள்ள போய்ட்டாங்க." என் முகத்தைப் பார்த்த மீன்காரி, "இன்னாச்சுமா?" என்றாள். "என் தோஸ்து போய்ட்டா" என்றேன். நான் பேரம் பேசி வைத்திருந்த சங்கரா மீனை அவள் திரும்பவும் ஐஸில் போட்டாள். "நீ போய்ட்டு வா. மீனு எங்க போவுது?" என்றாள்.

வண்ணாரப்பேட்டைத் தையல் கூடத்தில் எங்களோடு இருந்த உங்களில் பலரால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. முட்டிவலி, தூரம், பிள்ளைகளின் வசதி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவள் முகம் தெளிவாக இருந்தது. நீல நிறப் புடவை உடுத்திவிட்டிருந்தார்கள். அவளே எடுத்து வைத்திருந்ததாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவள் நம் கூடத்துக்கு வந்தாள். ராயபுரத்துப் பெண். அப்பா ரயில்வேயில் கார்டு. குடும்பத்துக்கு இலவசப் பாஸ் உண்டு என்பதால் வருடா வருடம் ஏதாவதொரு ஊருக்குப் போய் வந்தவள். அவள் செய்த வேலைக்கு இன்று ஃபேஷன் டிசைனர் என்று பெயர். நாம் "மாடல் வரையிற பொண்ணு" என்றோம். வெளிநாட்டுக்குப் போகும் உடைகளை அவள் வரைவாள், நான் வெட்டுவேன், நீங்கள் தைப்பீர்கள். மதியச் சாப்பாட்டின்போது என் டப்பாவைத் திறந்து முதல் வாய் அவள்தான் எடுப்பாள். "ருசி பாக்குறேன்மே, நல்லா இல்லன்னா உன்ன காப்பாத்துனேன்னு வெச்சிக்க" என்பாள்.

ஒருநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து துணி வாங்குபவர்கள் வருகிறார்கள், மவுண்ட் ரோடு ஓட்டலில் ஃபேஷன் ஷோ வைக்கப் போகிறோம், இந்தியாவைச் சுற்றிப் பார்த்த மாதிரி உடைகள் வேண்டும் என்றார். "காஷ்மீர் போடு, தாஜ்மகால் போடு. நீதான் எல்லாம் பாத்தவளாச்சே."

"ரெண்டு நாளு பாத்தேன் முதலாளி. எண்ணூர பொறந்ததுலேர்ந்து பாக்குறேன். அத்தப் போடட்டுமா?"

"எண்ணூரா? அனல்மின் நிலையத்தையும் கரியையும் யாரும்மா உடுத்துவா?"

"வரைஞ்சு காட்றேன். புடிக்கலைன்னா தாஜ்மகால் போட்டுடறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் ஏறினாள். எண்ணூரில் இறங்கி முகத்துவாரக்குப்பம் வரை நடந்தோம். அங்கே அஞ்சலை என்ற மீனவப் பெண் எங்களைப் படகில் ஏற்றிக் கழிமுகத்தைச் சுற்றிக் காட்டும்படி தன் கணவனிடம் சொன்னாள், தானும் ஏறிக்கொண்டாள். பிலோமி வரைந்துகொண்டே வந்தாள். அஞ்சலை எட்டிப் பார்த்து, "எங்க ஆத்துத் தண்ணிய எடுத்துனு போறியே, சட்டையா ஆனப்புறம் எங்களுக்குக் காட்டுவியா?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா காட்டுவேன்கா" என்றாள் பிலோமி.

அந்த உடைகள் உங்களுக்கு நினைவிருக்கும். உப்பளம் என்று ஒன்று: வெள்ளைப் பருத்திப் பாவாடை, வரப்பு வரப்பாகச் சாம்பல் நிற மடிப்புகள். அனல்மின் நிலையத்துக்குத் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் ஒரு மேல்சட்டை. கரிக்குக் கறுப்பு, நடந்தால் மட்டும் வெள்ளிக்கோடு தெரியும். கழிமுகம்தான் எல்லாவற்றிலும் கடினம். பச்சையும் நீலமும் குறுக்காகச் சேரும் நீண்ட கவுன், ஆழமான பாக்கெட்டுகளுடன். சேரும் இடத்தில் தையல் தெரியக் கூடாது என்று நம்மை வாட்டி எடுத்தாள். முதலாளி அதை வெகுநேரம் பார்த்தார். தாஜ்மகாலைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

ஓட்டலில் பம்பாய்ப் பெண்கள் அவற்றை உடுத்தி மேடையில் நடந்தார்கள். நாம் திரைக்குப் பின்னால் ஊக்கு குத்திக்கொண்டு நின்றோம். கைதட்டல் கேட்டது. உப்பளத்துக்கும் கழிமுகத்துக்கும் ஆர்டர் கிடைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது பிலோமி மட்டும் என் காதில், "அஞ்சலக்கா பாக்கலியேமே" என்றாள். குப்பத்து ஆட்களை உள்ளே விட முடியாது என்று ஓட்டல்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

சாம்பிள் உடைகள் கப்பலேறுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்று அவற்றைக் குப்பத்துக்கு எடுத்துப் போய்க் காட்டட்டுமா என்று அவள் நேராக முதலாளியிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்பட்டார். "ஒரு பொட்டு மண்ணு ஒட்டுச்சுன்னா திங்கக்கிழமை நீ வர வேணாம்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் தம்பிகள் படித்தார்கள். அது தெரிந்துதான் தலையாட்டினாள்.

அன்று முகத்துவாரக்குப்பத்தில் நடந்ததை எப்படி எழுதுவது! காய்ந்துகொண்டிருந்த வலைகளை ஓரமாகச் சுருட்டி, படகுகளுக்கு நடுவே வழி விட்டார்கள். கறுப்பான நான் கறுப்பு உடையில் நடந்தேன். யாரோ விசில் அடித்தார்கள். நம் கூடத்து ராணி உப்பளத்தைப் போட்டுக்கொண்டு பாவாடையைத் தூக்கியபடி ஓடினாள். கழிமுகத்தைப் பிலோமியே உடுத்தி வந்தாள்.

அஞ்சலையின் கணவன் கேட்டான்: "மேல ஆத்துப் பச்ச, கீழ கடல் நீலம். தண்ணி ஏறுதா, வடியுதா?"

"ஏறுதுண்ணா!"

"அப்ப சரி."

"இத்தப் போட்டுனு மீனு விக்க முடியுமா?" என்றாள் ஒருத்தி. அஞ்சலை அந்தக் கவுனைத் தன் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். பாக்கெட்டில் கையை விட்டு, "இன்னா பையிடி இது! வெத்தல, பாக்கு, எம் புருசன் எல்லாம் போவும்" என்றாள். குப்பமே சிரித்தது. கவுனோடு தண்ணீர் விளிம்புவரை போய், திரும்பி, ஓட்டல் மேடையில் யாரும் நடக்காத நடை ஒன்று நடந்து வந்தாள். பிலோமி மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

ரயிலில் எல்லாவற்றையும் உதறி உதறி மடித்தோம். திங்கட்கிழமை முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கழிமுகத்தின் பாக்கெட்டில் கையை விட்டார். மணல். மேசைமேல் கொட்டினார். தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. பிலோமி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

முதலாளி மணலையே பார்த்தபடி, "குப்பத்து ஜனங்க இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஓட்டல்ல கை தட்னாங்க முதலாளி. இவங்க கேள்வி கேட்டாங்க."

"பையை வெச்சிட்டுப் போய் வேலையைப் பாரு" என்றார்.

அதன் பிறகு அவள் எத்தனையோ ஊர்களை உடையாக்கினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், சொந்தமாகக் கடை வைத்தாள், பேரப்பிள்ளைகளைப் பார்த்தாள். குறையென்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை, என் சமையலைத் தவிர.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். "வேலைன்னு போற எடம் கண்ணுல படாதுமே. சும்மா போவணும்" என்பாள். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு தனியாக ரயிலேறி, எண்ணூருக்கு அடுத்த அத்திப்பட்டில் இறங்கினேன். புகைபோக்கிகளும் கம்பிகளும் பெருகிவிட்டன. அவற்றுக்குக் கீழே தண்ணீர் வெயிலில் கிடந்தது. பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன்.

"இன்னா வேலையா போனீங்க அத்த?" என்றாள் மருமகள்.

"ஒரு வேலையும் இல்ல" என்றேன். சொல்லும்போதே சந்தோஷமாக இருந்தது.