கால் படாமல் ஏறிய மலை

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். வாயை மூடத்தான் தெரியாது.

ஆம்பூரில் நான் வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி சாயபு, ஒருநாள் படம் போட்ட பத்திரிகை ஒன்றை விரித்துக் காட்டினார். எங்கோ வெள்ளைக்காரர்கள் மலைமேல் சைக்கிள் பந்தயம் விடுகிறார்களாம். படத்தில் ஒருவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறினான்.

"இதை நானே செய்வேன்" என்றேன்.

"செய். நாயக்கனேரி மலைப்பாதையில கீழேர்ந்து உச்சி வரைக்கும் கால் தரையில படக்கூடாது. ஏறிட்டா, உங்க லைன் கிணத்துக்குச் செங்கல் என் பொறுப்பு."

அந்தக் கிணற்றை, ஷாப் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டுக்காரர்கள் நாங்களே தோண்டி, நல்ல தண்ணீர் கண்டிருந்தோம். பழைய கிணற்றில் தோல் ஊறிய வாசனை. புதியதற்கு உள்சுவர் எழுப்பாவிட்டால் முதல் மழைக்கே மண் சரிந்து மூடிவிடும். மேகம் அப்போதே கூடத் தொடங்கியிருந்தது.

புறப்படும் காலையில் என் மனைவியின் தம்பி பச்சைத்தோல் வாரோடு வந்தான்.

"மாமா, உன் காலைப் பெடல்லயே கட்டிட்றேன். நீயே நெனச்சாலும் ஊன முடியாது."

ஈரம் சொட்டச் சொட்டக் கட்டினான். அவனுக்கு வேலை ஊறல் தொட்டியில். காய்ந்த தோல் ஊறினால் என்ன ஆகும் என்று தெரியும். ஊறிய தோல் காய்ந்தால் என்ன ஆகும் என்பது உலர்த்துகிற ஆட்கள் பாடு.

நாலு பேர் பிடித்துத் தள்ளிவிட, ஏறினேன். பின்னால் ஜட்கா வண்டியில் சாயபு, அதற்குப் பின்னால் லைன் முழுக்க. வெயில் ஏறியது, வார் சுருங்கியது. ஐந்தாவது வளைவில் கால் எனக்குச் சொந்தமாக இல்லை.

"மச்சான், அவுத்து விட்றா!"

"கிணறு மாமா, கிணறு. மிதி."

உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கையில், ஒரு கல்லில் ஏறி ஓரப்பள்ளத்தில் மல்லாந்தேன். சைக்கிள் என் மேலே. சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

சாயபு இறங்கி வந்தார். "போச்சுப்பா. தலை பட்டுது, முதுகு பட்டுது."

"கால் பட்டுதா சாயபு?" என்றான் மச்சான்.

சாயபு குனிந்து பார்த்தார். என் இரண்டு காலும் அவர் தாடிக்கு நேராக நின்றன.

"படல" என்றார், ரொம்ப யோசித்து. "தூக்கி நிறுத்துங்க."

மிச்ச வளைவுகளை எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். உச்சியில் கத்தி போட்டு வாரை அறுத்தார்கள். இறங்கிக் காலை ஊன்றினேன்; அப்படியே சரிந்தேன். அப்போது விழுந்தது கணக்கில்லை.

மழைக்கு முந்தியே செங்கல் வந்து சேர்ந்தது. என் கணுக்காலில் வார்த் தழும்பு இன்னும் இருக்கிறது. கிணற்றடியில் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு என் மச்சானைத்தான் மெச்சுகிறார்கள்.

"அவன் மட்டும் கட்டலன்னா, இந்த மனுஷன் மொத வளைவுலயே எறங்கி பீடி பத்த வெச்சிருப்பாரு."

உண்மைதான்.