நின்று எரிந்த புரளி

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று இருந்தவர்கள்: நான், என் தம்பி மகள் எஸ்தர், எங்கள் சபை உபதேசியார் தேவசகாயம், தம்பியோடு ஓசூரில் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் வெங்கடப்பா. வேறு யாரும் வரவில்லை. வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பொய் சொல்கிறார்கள். டாக்டர் வெளியே வந்து, “கிரிட்டிக்கல்” என்றார். சாயங்காலத்துக்குள் என் தம்பி ஞானமுத்து போய்விட்டான்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டதே அவன் வாயில்தான். பம்பாயில் அணு உலையில் வேலை பார்த்துவிட்டு, ஓசூருக்கு சயின்ஸ் வாத்தியாராக வந்தவன். “உலை கிரிட்டிக்கல் ஆன அன்னிக்கு லட்டு குடுத்தோம்க்கா” என்பான். “ஒரு அணு உடைஞ்சா இன்னொண்ணை உடைக்கணும். அதுக்குக் குறைஞ்சா அணைஞ்சிடும், கூடினா ஏறிக்கிட்டே போகும். ஒண்ணுக்கு ஒண்ணுன்னா நின்னு எரியும். அதான் கிரிட்டிக்கல்.”

“நம்ம சபைப் பொம்பளைங்க புரளி மாதிரின்னு சொல்லு.”

“நீ பாஸாயிட்டக்கா!” என்று சிரித்தான்.

அந்தப் புரளி அவன் மேலேயே வந்தது. அணு விஷம் அவன் உடம்பில் ஏறியிருக்கிறதாம், மகளுக்கும் இறங்கியிருக்கிறதாம், பிள்ளை பிறந்தால் ஊனமாம். யாரும் தெருவில் நின்று கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொருத்தியும், “உங்கிட்ட மட்டும் சொல்றேன்” என்று ஒருத்தியிடம் சொன்னாள். வருஷக்கணக்கில் அது ஏறவுமில்லை, அணையவுமில்லை. எஸ்தரைக் கேட்டு ஒரு வரன்கூட வரவில்லை.

கடைசியில் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். பையனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவன் அம்மா, ரேஷன் சர்க்கரை போட்ட காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

“தப்பா நினைக்காதீங்க வாத்தியாரே. உங்க உடம்பில அந்த அணு சமாச்சாரம் ஏதும் இருக்குதுங்களா?”

பின்னாலிருந்து தம்பி முதுகைக் கிள்ளினேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். “இல்லவே இல்லைன்னா பொய்ங்க. துளியூண்டு எல்லார்கிட்டயும் இருக்கும். உங்க உடம்பில இருக்கு, உங்க பையன் உடம்பிலயும் இருக்கு.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். “எங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று எழுந்தாள். பையன் மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“உண்மையைத்தானே சொன்னேன்” என்றான் தம்பி.

“பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சொன்னது பத்தாதாப்பா?” என்று கேட்டாள் எஸ்தர். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசியது சாப்பாட்டுக்குக் கூப்பிட மட்டும்தான்.

கல்லறையில் ‘உண்மையுள்ளவன்’ என்று வெட்டலாமா என்று சபையில் கேட்கிறீர்கள். வெட்டுங்கள், சரிதான். அவன் விட்டுப்போனதில் எனக்கு மிச்சம் எஸ்தர். இனி என் வீட்டில் இருப்பாள். புரளி பேசியவர்களையும், காபியை வைத்துவிட்டுப் போனவளையும் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதவன் ஒருவன்தான்: என் கூடப்பிறந்த ஞானமுத்து.