அயர்லாந்து மேசைக்குப் பொறுப்பான ஆள்

புத்தகக் கடையில் வேலை என்றால் உட்கார்ந்திருந்து வாசிக்கிற வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். பெட்டி தூக்கி, பெட்டி வெட்டி, பெட்டி மடித்து முடிய, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு வழி காட்டுகிற வேலை அது. நாள் முழுக்கக் கடையில் நின்று காலில் நரம்பு புடைத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜேர்மனியில், ஹம்பேர்க் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற ஒரு புத்தகக் கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன். அதற்கு முதல் உணவகங்களில் கோப்பை கழுவினேன். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் அதை மற்றவர்களுக்குச் சொன்னவர்கள் ஒவ்வொருவரையும் பெயரோடு ஞாபகம் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், பேசியதை எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

படிப்புக்கு ஏற்ற மேசை

எங்கள் கடையில் ஒவ்வொரு வகைப் புத்தகத்துக்கும் ஒரு மேசை, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஆள். கொலைக் கதை மேசைக்கு எப்போதும் போட்டி. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு பகுதிநேரம் வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஒருவரும் கிட்டப் போகாத மேசை ஒன்றும் இருந்தது. அதுதான் அயர்லாந்து மேசை. அயர்லாந்துக் கிராமங்களில் நடக்கிற காதல் கதைகள். அட்டையைப் பார்த்தாலே தெரியும். பச்சைப் புல், வெள்ளை வீடு, பின்னால் கடல், முன்னால் ஒரு செம்மறியாடு. எல்லா அட்டையிலும் அதே ஆடுதான். ஒரு ஆட்டை ஒருதரம் படம் பிடித்துவிட்டு ஆளாளுக்கு விற்றிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

கடை மேலாளர் ஃப்ராவ், அதாவது திருமதி, லின்ட்னர் அந்த மேசையை என் தலையில் கட்டினார். கல்லாவுக்குப் பின்னால் நான் வைத்திருந்த முக்காலியை எடுப்பித்தவரும் இவர்தான். நான் அதில் இருந்தால் கடைக்கே சோம்பல் பிடித்த மாதிரித் தெரிகிறதாம். அதை நான் மறக்கவில்லை. ஏன் இந்த மேசையை எனக்குத் தருகிறீர்கள் என்று கேட்டேன். ஏதோ உதவி செய்கிறவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் புத்தகங்களில் விளங்குவதற்கு ஒன்றுமில்லை, உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்."

மேசைக்கு நாள் குறித்தது

போன மாரியில் தலைமை அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. அயர்லாந்து மேசையில் வியாபாரம் காணாது, கோடைக்கு முதல் அதை எடுத்துவிட்டுக் கழுத்துத் தலையணையும் போன் உறையும் வைக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மேசை போனால் எனக்கு இங்கே வேலை இல்லை. நகரத்துக்கு வெளியே இருக்கிற களஞ்சியத்துக்குப் போகவேண்டும். அங்கே சீமெந்துத் தரை, நாள் முழுக்கப் பாரம். என் வலது முழங்காலைப் பார்த்த டாக்டர், இனிப் பாரம் தூக்கினால் தடியோடுதான் நடப்பாய் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே நான் வெறுத்த மேசையை நானே காப்பாற்ற வேண்டி வந்தது.

சாமானைத் தெரியாமல் விற்க ஏலாது. எனவே எஸ்-பான் என்கிற நகர ரயிலில் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் வாசிக்கத் தொடங்கினேன். முதல் புத்தகத்துக்கு ஆறு கிழமை எடுத்தது. நகரத்தில் ஒருத்தியை ஒருவன் ஏமாற்றுகிறான். அயர்லாந்தில் அவளுடைய மாமி செத்துப்போய் ஒரு பேக்கரியை இவளுக்கு எழுதிவைக்கிறா. அங்கே போனால் மழை. மழைக்குள் தாடி வைத்த ஒருவன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். முதலில் சண்டை, பிறகு சமாதானம், முடிகிற நேரம் இன்னொரு சண்டை, கடைசியில் கல்யாணம். இரண்டாவது புத்தகமும் அதுவேதான், ஆனால் பேக்கரிக்குப் பதில் கலங்கரை விளக்கம். மூன்றாவதை மதிய இடைவேளையில் திறந்தபோது லின்ட்னர் பார்த்துவிட்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைக் கண்டேன்: "நீங்கள் புத்தகம் வாசிக்கிறீர்களா, யாரும் சொல்லாமலா?"

ஆடு பரவாயில்லை

புத்தகங்கள் அதுவரை எழுதியவர் பெயர் வரிசையில் கிடந்தன. காதல் கதை வாங்குகிறவர் எழுதியவரைத் தேடுவதில்லை. நான் எல்லாவற்றையும் கலைத்து, பின் அட்டைகளை வாசித்து, மாமி எதை விட்டுவிட்டுச் செத்தா என்பதை வைத்து அடுக்கினேன். மட்டை வெட்டி என் கையெழுத்திலேயே எழுதி வைத்தேன்: பேக்கரி, மதுச்சாலை, ஆட்டுப்பண்ணை, கலங்கரை விளக்கம், கடன் மட்டும். ஒன்றுமே விடாமல் செத்த மாமிமாருக்கு மூலையில் ஒரு சின்ன இடம்.

இரண்டாம் நாளே கோட்டுச் சூட்டுப் போட்ட ஒரு மனிதர் வந்து ஆட்டுப்பண்ணைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் பின் அட்டையை வாசித்துத் திருப்பி வைத்தார். களவெடுக்க வந்தவரோ என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் குரலைத் தணித்து, இந்தக் கதைகளில் மிருக வைத்தியர் வராத கதை எது என்று கேட்டார். ஆடு இருந்தால் வைத்தியர் வராமல் இருக்க மாட்டாரே என்றேன். அவர் கையில் இருந்த புத்தகத்தைத் திருப்பி வைத்தார். "ஆடு பரவாயில்லை, வைத்தியர்தான் வேண்டாம். என் மனைவி போனது ஒரு மிருக வைத்தியரோடு."

மூன்றுதரம் வாங்கியவர்

ஃப்ராவ் பீற்றர்சன் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. வெள்ளிக்கிழமைதோறும் லூபெக்கில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போவார், ரயிலுக்கு முதல் என் மேசையில் ஒன்று எடுப்பார். ஒருநாள் பையில் இருந்து மூன்று புத்தகங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரே கதை. பதிப்பகத்தார் ஒவ்வொரு வருடமும் அட்டையை மாற்றிப் புதுப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஆடு இடப்பக்கம், ஒன்றில் வலப்பக்கம், ஒன்றில் ஆடு திரும்பி நிற்கிறது. மூன்றையும் கையில் கொடுத்தவன் நான்.

அவர் ஒரு முறைப்பாடு எழுதினால் கோடை வரைக்கும் காத்திருக்க மாட்டார்கள், மேசையை அடுத்த நாளே தூக்குவார்கள். மன்னிப்புக் கேட்டு, மூன்றையும் மாற்றித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் புத்தகங்களை என் கைக்கு எட்டாமல் இழுத்து வைத்துக்கொண்டார்: "கதை அதேதான், ஆனால் மூன்றாம் தரம் எந்தப் பக்கத்தில் அழவேண்டும் என்று தெரிந்திருந்தது, கைக்குட்டையை முன்னரே எடுத்துவிட்டேன்."

ஹனோவரில் இருந்து வந்த அயர்லாந்துக்காரி

மேசைக்குப் பேர் எடுக்க ஒரு எழுத்தாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடவைப்போம் என்று நான்தான் சொன்னேன். லின்ட்னர் அதைத் தன் யோசனை என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டார். சரி, அதையும் குறித்து வைத்திருக்கிறேன். புத்தகத்தில் இருந்தது வாய்க்குள் நுழையாத அயர்லாந்துப் பெயர். சிவப்புத் தலைமயிரோடு ஒருவர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் ஹனோவரில் இருந்து வந்த ஒரு ஜேர்மன் அம்மா, கையில் சக்கரப்பெட்டி, அதற்குள் சீஸ் வைத்த பாண்.

பதினாறு அயர்லாந்துக் கதை எழுதியிருக்கிறார். எந்த ஊரைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டேன். ஒருநாளும் அங்கே போகவில்லையாம். கடலும் கல்வேலியும் மழையும் பக்கம் பக்கமாக எழுதினவர் எப்படிப் போகாமல் இருக்க ஏலும் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கேயிருந்து விமானத்தில் கொஞ்ச நேரம்தானே, ஒருக்கால் போய்ப் பார்த்தால் என்ன என்றேன். பாணைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார்: "போகலாம்தான், ஆனால் அங்கே எப்போதும் மழையாம், எனக்கு மூட்டுவாதம்."

பரமேஸ் அக்காவின் தீர்ப்பு

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்க் கடை வைத்திருக்கிற சிவராசா அண்ணை, நான் எஸ்-பானில், ஆட்டுக்குப் பின்னால் இரண்டு பேர் முத்தமிடுகிற படம் போட்ட புத்தகத்தோடு இருந்ததைக் கண்டுவிட்டார். கண்டவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய், பேரன் காணுற வயதில் இவனுக்குக் காதல் கேட்குது என்று மடப்பள்ளி வரைக்கும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் கடையில் நான் கறிவேப்பிலைகூட வாங்குவதில்லை.

அடுத்த கிழமை அவருடைய மனைவி பரமேஸ் அக்கா முருங்கைக்காய்ப் பையோடு என் மேசைக்கு வந்து அங்குமிங்கும் பார்த்தார். "தம்பி, அந்தாள் சொன்ன புத்தகம் எது? அட்டை தெரியாமல் சுத்தித் தாரும்" என்றார். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்களை வாசித்து வாசித்தே டொச் படித்தவர் அவர். பேக்கரிக் கதையைக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. பிடிக்கேல்லையோ அக்கா என்று கேட்டேன்.

"மாமி செத்துப்போறா. வீடு, காணி, கடை எல்லாத்தையும் ஒரு பெட்டைக்கு எழுதிவைக்கிறா. ஒரு சொந்தக்காரன் வேலிக்குச் சண்டைக்கு வரேல்லை, ஒருத்தன் வழக்குப் போடேல்லை! அனுமார் மலையைத் தூக்கினதை நான் நம்புவன், இதை நம்பமாட்டன். இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கோ?"

பார்க்க வந்தவர்

நான் ஒரு புத்தகத்தைக் காட்டினால் கதையை முடிவு வரை சொல்லித்தான் கொடுப்பேன். லின்ட்னர் பலதரம் தடுத்தார். எனக்கு அதில் பிழை தெரியவில்லை. கோயிலில் சூரன்போர் நடக்கிறது. சூரன் தோற்பான் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அதற்காக யாராவது வராமல் நிற்கிறார்களா?

சித்திரையில், பிராங்க்பேர்ட்டில் இருக்கிற தலைமை அலுவலகத்தில் இருந்து ஒடுங்கின காற்சட்டை போட்ட ஒருவர் வந்தார். ஒரு மத்தியானம் மேசையைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார் என்றார்கள். நான் சும்மா இருப்பேனா? மேசையில் கூட்டம் தெரியவேண்டும் என்று என் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். பீற்றர்சன் வந்தார், மிருக வைத்தியரைப் பிடிக்காதவர் வந்தார், பரமேஸ் அக்கா புருசனுக்குச் சொல்லாமல் வந்தார். வந்தவர்கள் மேசையைச் சுற்றி நின்று, பேக்கரிக்காரி அந்தத் தாடிக்காரனை மன்னித்தது சரியா பிழையா என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். "உப்பிடிப்பட்டவனுக்கு நான் பாண்கூட வித்திருக்க மாட்டன்" என்பதை அக்கா டொச்சில் மேசையில் அடித்துச் சொன்னார். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை, மேசையில் இருந்த எல்லாவற்றையும் அவர்கள் ஏற்கெனவே வாசித்திருந்தார்கள். வாங்க வந்த புது ஆட்கள் கிட்ட வர வழியில்லை. என் முழங்காலுக்கு நானே குழி வெட்டிவிட்டேன் என்று விளங்கியது.

வந்தவர் தன் கணினிப் பலகையில் என்னவோ தட்டிவிட்டு என்னைக் கேட்டார், முடிவையும் சொல்லிவிட்டால் மனிதர் எதற்குப் புத்தகம் வாங்குவார்கள் என்று. பீற்றர்சன் அவர் பக்கம் திரும்பினார், பின்வாங்கில் இருக்கிற மாணவனைப் பார்க்கிற பார்வையோடு: "நான் இந்த நிலையத்தில் இருந்து ரயிலில் போகிறவள், அது போய்ச் சேருமா என்று ஒருவருக்கும் தெரியாது, கையில் இருக்கிற புத்தகமாவது போய்ச் சேரும் என்று தெரியவேண்டாமா?"

இரண்டாம் பக்கம்

அந்தப் பேச்சுக்குப் பிறகு காற்சட்டைக்காரர் தன் ரயிலைப் பார்க்க நிமிர்ந்தார். பிராங்க்பேர்ட் ரயில் தொண்ணூறு நிமிடம் பிந்தும், எந்த மேடை என்று பிறகு சொல்வோம் என்று ரயில் நேரப் பலகையில் போட்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, மதுச்சாலை வகையில் ஒன்று தரச்சொல்லிக் கேட்டார். கொடுத்தேன். முடிவு என்ன என்றும் கேட்டார். சொன்னேன். அதே ரயிலுக்கு நின்ற சனம் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நெருங்கியது. அடுத்த மணித்தியாலத்தில் கடன் மட்டும் விட்ட மாமிமாரும் தீர்ந்துபோனார்கள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. மேசையை எடுக்கவில்லை, ரயில் நேரப் பலகைக்கு நேரே முன்னால் நகர்த்தச் சொல்லியிருந்தார்கள். களஞ்சியத்துக்கு நான் போகத் தேவையில்லை. மட்டை வெட்டி அடுக்கின முறைக்கு லின்ட்னரைப் பாராட்டி முதல் பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அவர் அதை எனக்குச் சத்தமாக வாசித்துவிட்டு, தாளைத் திருப்பினார்: "உங்களையும் மறக்கவில்லை, இங்கே பாருங்கள், 'அங்கே நின்ற பணியாளர் ஒருவர் இடையூறாக இருக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள்."

அயர்லாந்துக் காதலால் பிழைக்கிறவன் என்று கோயிலில் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். உண்மையில் எனக்குச் சோறு போடுவது நேரத்துக்கு வராத ரயில்கள்தான்.