பத்தாவது கையெழுத்து

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவிகள் சங்கத்தில் அந்த வருடம் ஒன்பது பேர்தான் மிஞ்சினோம். பத்துக் கையெழுத்துள்ள படிவத்தை வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கொடுக்காவிட்டால் அறையை எடுத்துவிடுவோம் என்று வளாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பெரிய அறையொன்றுமில்லை. யன்னல் இல்லாத பேஸ்மென்ட், ஒரு கிழிந்த சோபா, தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்க ஒரு கேத்தில். ஆனால் சங்கத் தலைவிக்கு, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, நகரின் அஜின்கோர்ட் பகுதியில் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் எட்டுப் பேர். அவர் படித்ததும் அழுததும் இந்த அறையில்தான்.

மூன்று நாளாக நடைபாதையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் அம்மா பொரித்துத் தந்த ரோல்ஸைத் தின்றார்கள், "வீட்டிலை கேட்டுச் சொல்லுறன்" என்று நழுவினார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, பச்சைக் குளிர் ஜக்கெட் போட்ட முதலாம் வருடப் பெண் ஒருத்தி தானாகவே வந்தாள்.

"உங்கடை அறையிலை இருந்து படிக்கலாமோ அக்கா?"

"ஓம், ஓம். தேத்தண்ணியும் போடலாம்."

சிரித்துக்கொண்டு பேனையை எடுத்துப் பெயரில் இரண்டு எழுத்து எழுதிவிட்டாள். அந்தச் சந்தோசத்தில் கேட்டேன்.

"ஊரிலை எவடம் நீங்கள்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"டவுனுக்குக் கிட்ட."

"கிட்ட எண்டால்? எந்தக் கோயிலடி?"

பேனை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சை உதைக் கேக்க மாட்டினம் எண்டு நினைச்சன்."

பேனையை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

என் வாயில் கொள்ளி வைக்க! இன்ன கோயிலடி என்று தெரிந்தால் இன்ன சாதி என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் எங்கள் சனம் இப்படித் தோண்டித் தோண்டிக் கேட்கும். டெலிபோனில் அம்மா கேட்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். பதில் பிடிக்காவிட்டால் அந்த ஆட்களை அம்மா வீட்டுக்குக் கூப்பிடமாட்டார். நான் அதை நினைத்துக் கேட்கவில்லைதான். அது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இன்றைக்கு அதில் முழு நம்பிக்கையில்லை.

பின்னால் ஓடினேன். வாசலில் மழை, குடைகள், ஒரே சனம். பச்சை ஜக்கெட்டைக் காணவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆரடி இது? பாதியிலை விட்டிட்டுப் போயிட்டாள்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு ஓடிட்டாள்."

பொய். அக்கா அதை நம்பி, அவளைப் பிடிக்கலாமென்று குடையும் இல்லாமல் பஸ் தரிப்புக்கு ஓடினார். நாலேகாலுக்கு நனைந்து தோய்ந்து, படிவத்தைத் தன் ஜக்கெட்டுக்குள் பொத்திக்கொண்டு தனியே வந்தார்.

திங்கட்கிழமை அறையைக் காலி செய்தோம். சோபாவை யாரும் கேட்கவில்லை. அக்கா கேத்திலைத் துடைத்து என் கையில் தந்தார்.

"நீ வைச்சிரு. நீதானே எல்லாரையும்விடக் கனக்கப் பாடுபட்டனீ."

வாங்கிக்கொண்டேன்.