டப்பாவில் இருந்த வெள்ளை ஈயம்

மரக்காணத்துப் படகுக் கொட்டகையில் ஸ்டோர் பொறுப்பை ஏற்ற அன்று, இன்ஜினியர் என் கையில் ஒரு கிளீட்டைக் கொடுத்தார். பாய்க்கயிற்றைச் சுற்றிக் கட்டுகிற, இரண்டு கொம்புள்ள உலோகத் துண்டு. பாயில் காற்று ஏறினால் இழுப்பெல்லாம் இதன் மேல்தான் வரும் என்றார். அதனால் போல்ட் கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் இருக்கவேண்டும். பித்தளை உப்பில் உளுத்துவிடும். மேல்தளப் பலகைக்கு அடியில் தேக்குக் கட்டை, அதற்கும் அடியில் அகலமான வாஷர். கிளீட்டின் கீழே தண்ணீர் இறங்காமல் இருக்க ஒயிட் லெட் பசை.

திண்டிவனத்திலிருந்து தினமும் குழந்தையோடுதான் பஸ்ஸில் வருவேன். ஒன்றரை வயது. கொட்டகைக்குப் பின்னால் அஞ்சலையக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பாய்ப்படகை ஓட்டப்போகிறவர் அக்காவின் கணவர்தான். அவள் என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வாள். ஆனாலும் ஏதாவது சாக்கில் நான் எட்டிப் பார்ப்பேன்.

எங்கள் மேஸ்திரி ஒயிட் லெட்டை ‘வெள்ளீயம்’ என்றே சொல்வார். வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் அப்படித்தான் வருகிறது. ஆனால் வெள்ளீயம் என்றால் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்துக்குள் உருக்கிப் பூசுவதும். டப்பாவில் இருந்ததோ காரீயத்தில் செய்த விஷப்பசை.

முதல் கிளீட்டை முடுக்கிய மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுடைய பித்தளைப் பானை வெயிலில் சாய்ந்து கிடந்தது. உள்பக்கம் பால் போல வெள்ளை.

“மேஸ்திரி மீந்தத குடுத்தாரும்மா. கம்பெனி ஈயமாம். நெருப்பே வாணாம், தடவிக் காயவெச்சா போதும்னாரு. சாயந்திரம் பாப்பாவுக்கு இதுலதான் ரசம்.”

குழந்தையைத் தூக்கினேன். இரண்டு விரல்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“வாயில வெச்சாளா அக்கா?”

“இப்பதாம்மா தொட்டா. கையப் புடிச்சிக்கினுதான் இருந்தேன். இன்னாத்துக்கு கேக்கற?”

நாக்கு, ஈறு, உதட்டோரம் எல்லாம் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்; போதாதோ என்று திரும்பவும் கழுவினேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா பானையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நானே ஊட்டியிருப்பேனே” என்றாள். அது அவளுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த பானை. நான் கேட்பதற்கு முன்பே, இனிச் சமையலுக்கு ஆகாதென்று அதைத் தூக்கி ஒதுக்கி வைத்தாள்.

மேஸ்திரி விளையாட்டுக்குச் சொன்னாராம், அவள் நம்புவாள் என்று நினைக்கவில்லையாம். அன்று அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

நான் இன்ஜினியரிடம் போய், அந்தப் பசையே வேண்டாம் என்றேன். சொல்லலாமா என்று வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் போனேன்.

“எல்லா யார்டுலயும் இதத்தாம்மா போடறாங்க. ரசத்துக்குப் பயந்து படகுல தண்ணி வுடச் சொல்றீங்களா?”

“மீந்தது வீட்டுக்குப் போற ஊரு சார் இது. மீந்தாலும் ஆபத்தில்லாத சாமானா இருக்கணும்.”

அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் போடலாம் என்றார் மேஸ்திரி. அது காய்ந்து வெடித்துவிடும் என்பது இன்ஜினியரின் கவலை. எண்ணெயைக் கூட்டினார்கள்; போல்ட்டின் கழுத்தில் பருத்தி நூலைச் சுற்றி முடுக்கினார்கள். முதல் கிளீட்டையும் கழற்றி, சுரண்டி, அதே மாதிரி மாட்டினார்கள். பிறகு தளத்தின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். அக்காவின் கணவர் கீழே படுத்து ஒவ்வொரு வாஷரையும் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. பாய் ஏற்றிக் கடலில் ஓடிவந்த பிறகும் ஈரமில்லை, ஒரு போல்ட்டும் அசையவில்லை.

புதிதாக ஸ்டோர் வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். சாமான் எவ்வளவு இழுப்புத் தாங்கும், உப்புக்கு நிற்குமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வேலை முடிந்தபின் மிச்சம் யார் வீட்டுக்குப் போகும் என்று நீங்கள் கேளுங்கள். அதிகமாகப் பயப்படுகிறோமோ என்று தோன்றும்; தோன்றட்டும்.

போன வாரம் ஒரு புது பெயின்ட் டப்பா வந்தது. இன்ஜினியர் அதைத் திறக்காமல் என் மேஜையில் வைத்தார்.

“இது மீந்தா எங்கம்மா போவும்?” என்றார்.