எழுப்புகிற இசோபே சான்

எங்கள் அலுவலகத்தில் வேலை நேரத்தில் தூங்கினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கூட்டத்தின் நடுவே, கையில் பேனாவைப் பிடித்தபடி ஒருவர் தலையைத் தொங்கவிட்டால் அவருக்கு மதிப்புத்தான் கூடும். பாவம், அந்த அளவுக்கு உழைத்திருக்கிறார் என்று எல்லோரும் குரலைத் தணித்துக்கொள்வோம். அவரைத் தொட்டு எழுப்புவது அநாகரிகம். ஜப்பானில், கவாசாகி நகரத்தில் லிஃப்ட் வடிவமைக்கும் இந்தப் பிரிவில் நான் சேர்ந்த நாளிலிருந்து, அந்த அநாகரிகத்தைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் செய்துவந்தவர் ஒரே ஒருவர்தான். இசோபே சிசுரு. எல்லோருக்கும் மரியாதையாக இசோபே சான்.

ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், தனிக்கட்டை. நாங்கள் வரைவதையெல்லாம் சரிபார்ப்பது அவர் வேலை. யாராவது கண்ணசந்தால் போதும், எங்கிருந்தாலும் எழுந்து வந்து முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைப்பார். பிரிவுத் தலைவர் ஓகுராவே ஒருமுறை வாங்கியிருக்கிறார். "சேவல் கூவிருச்சுப்பா, எந்திரிங்க" என்று வாக்கி கிண்டல் செய்வான். வாக்கி என் பக்கத்து மேஜைக்காரன், எதற்கும் சிரிக்கிற ஜாதி. எனக்கோ எரிச்சல்தான் வரும். நன்றாகத் தூங்குகிறவனை அடிப்பது என்ன பழக்கம் என்று முணுமுணுப்பேன்.

எழுப்பிவிட்டுப் போய்விடவும் மாட்டார். ஒரு கேள்வி வைத்திருப்பார். ஒருநாள் என் முறை வந்தது.

"நிவா சான், நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"பரவாயில்லங்க, நல்லாத்தான் இருக்கேன்."

"எப்படி இருக்கீங்கன்னா கேட்டேன்? என்ன சாப்பிட்டீங்க?"

"சோத்து உருண்டை."

"உள்ள என்ன இருந்துச்சு? மீனா, ஊறுகாயா?"

யோசித்துப் பார்த்தேன். கடையில் வாங்கியது நினைவிருந்தது, உறையைப் பிரித்தது நினைவிருந்தது. அதற்கு மேல் வாயில் எந்த ருசியும் வரவில்லை. அவர் என் கோட்டை எடுத்து வந்து மடியில் போட்டார்.

"கெளம்புங்க."

"நாளைக்கு வரைபடம் குடுக்கணுமே!"

"லிஃப்ட் ஒரு நாள் லேட்டா வந்தா ஜனங்க படி ஏறிப் போவாங்க. கெளம்புங்கன்னா."

வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் மறுநாள் மாலைதான் எழுந்தேன். எழுந்து கஞ்சி வைத்துக் குடித்தபோது ஏனோ அழுகை வந்தது. அதற்குப் பிறகு அவர்மேல் முணுமுணுப்பதை விட்டுவிட்டேன்.

அவர் ஏன் இப்படி என்று வாக்கிதான் சொன்னான். நான் சேர்வதற்கு முன் சாகுமா என்று ஒருவர் இருந்தாராம். பேச்சு குறைவு, சொன்ன வேலையை மறுக்கவே தெரியாதவர். ஒரு பெரிய ஒப்பந்தத்துக்காக நாள்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்திருக்கிறார். கடைசிக் கூட்டத்தில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்திருக்கிறார். "தூங்கட்டும் விடுங்க, அவர் தூங்கலாம்" என்று ஓகுரா சொல்ல, எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசி முடித்தார்கள். அவர் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார்கள். தலை வணங்கிவிட்டு ஓசைப்படாமல் வெளியேறினார்கள். இசோபே சான் அவர் முன்னால் தேநீர் வைத்தார். ஆறிப்போனதைக் கண்டு மாற்றி வைத்தார். அதுவும் ஆறியது. மறுபடி மாற்றும்போதுதான் கை, சில்லிட்டுப்போன அவர் விரலில் பட்டிருக்கிறது.

அவ்வளவுதான். ஒரு அறை நிறைய ஆட்கள், நடுவில் உயிர் போய்க்கொண்டிருந்த ஒருவர். எல்லோரும் அவருக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டமானாலும் தேநீர் போடுவது இசோபே சான்தான். மூலை நாற்காலிக்கு எதிரிலும் ஒரு கோப்பை வைப்பார். அங்கே யாரும் உட்காருவதில்லை, நாற்காலியை மாற்ற வேண்டும் என்று யாரும் சொன்னதுமில்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்டால் வாக்கி மட்டும், "அங்க ஆள் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு மட்டும் அவன் கண்வரை ஏறாது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு மருத்துவமனைக்கு லிஃப்ட் அமைக்கும் வேலைக்கு நாங்கள் போட்டியிட்டோம். இசோபே சானோடு சரிபார்த்துக்கொண்டிருந்தவர் உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டார். புது ஆள் வரும்வரை இரண்டு மேஜை வேலையையும் நானே பார்க்கிறேன் என்றார் இசோபே சான். புது ஆள் வரவே இல்லை. ஒருநாள் காலை லிஃப்ட் எதிரே நின்றுகொண்டிருந்தார். கதவு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. அவர் ஏறவில்லை. "எந்த மாடிங்க?" என்று கேட்டதற்கு, கேட்டு முடிக்கும் முன்பே, "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார். இன்னொரு நாள் ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறு காலில் பழுப்பு. எல்லாவற்றையும் பார்த்தோம். ஆனால் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீங்க என்பது அவருடைய கேள்வி. அதை அவரிடமே கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விலைப்புள்ளியை ஒப்படைக்க வேண்டிய வாரம். பிற்பகல் கூட்டத்துக்கு நாங்கள் நுழைந்தபோது அவர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். தலை கவிழ்ந்திருந்தது, கையில் சிவப்புப் பென்சில். மேஜையில் யாருக்கும் தேநீர் இல்லை.

"சேவலே தூங்குது!" என்று வாக்கி கிசுகிசுத்தான்.

"உஷ். இன்னைக்குத்தான் கண்ண மூடியிருக்காங்க. சத்தம் வேணாம்," என்றார் ஓகுரா.

தாழ்ந்த குரலில் பேசி முடித்தோம். வாக்கி தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினான். ஓகுரா அவர் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார். நாற்காலிகளை மேஜைக்குள் தள்ளிவிட்டு, அவர் பக்கம் திரும்பித் தலை வணங்கினோம். சரியாகத்தான் செய்தோம், எங்கள் ஊர் வழக்கப்படி.

கடைசியாக வெளியே வந்த நான் கதவருகில் திரும்பிப் பார்த்தேன். இசோபே சானுக்கு எதிரில் ஒரு தேநீர்க் கோப்பை இருந்தது. சன்னல் வெளிச்சத்தில் அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"வாக்கி, தேநீர் நீயா வெச்சே?"

"எனக்கு வெந்நீர் போடவே தெரியாதேடா."

"காச்சோ, நீங்களா?"

தலைவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஓகுரா இல்லையென்று தலையசைத்தார். அவர் பார்வை மூலைக்குப் போனது. எங்கள் பார்வையும் போனது. எப்போதும் மேஜையை ஒட்டியே இருக்கிற அந்த நாற்காலி, யாரோ எழுந்து போனது போலப் பின்னால் தள்ளியிருந்தது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவன் நான். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓடிப்போய், "இசோபே சான், இசோபே சான்," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அசைவில்லை. கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. மூச்சு வருகிறதா என்று குனிந்தேன், என் இதயம் அடித்த அடியில் எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து அவர் முதுகில் ஓங்கி வைத்தேன்.

"சிசுரு! எந்திரி!"

அந்த அலுவலகத்தில் அவரை யாரும் அப்படி வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்னொரு அடி. தண்ணீருக்கடியிலிருந்து மேலே வருகிறவரைப் போல அவர் பெரிதாக ஒரு மூச்சை இழுத்தார். சிவப்புப் பென்சில் கையிலிருந்து உருண்டு விழுந்தது.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் திரண்டது.

"தெரியல, நிவா சான். நேத்து எதுன்னே தெரியல."

ஓகுரா தாமே போய் அவர் கோட்டை எடுத்துவந்து விரித்துப் பிடித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போறோம், வாங்க. அப்புறம் ஒரு மாசம் இந்தப் பக்கம் தலையே காட்டக் கூடாது."

"ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை..."

"ஜனங்க படி ஏறிப் போவாங்க," என்றேன்.

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தவர் அப்படியே நின்றார்.

"எல்லாம் கேட்டுச்சு," என்றார். "சத்தம் வேணாம்னு சொன்னது, விளக்க அணைச்சது, எல்லாம். எழுப்புங்க, எழுப்புங்கன்னு உள்ள கத்திக்கிட்டே இருந்தேன். ஒரு விரலக்கூட அசைக்க முடியல. நீங்க ஒவ்வொருத்தரா வெளிய போனீங்க."

பிறகு திரும்பி மூலை நாற்காலியைப் பார்த்தார்.

"அப்போ சாகுமா சானுக்கும் கேட்டிருக்கும், இல்லையா காச்சோ?"

ஓகுரா கோட்டின் மறு கையையும் அவருக்கு மாட்டிவிட்டு, தான் அணைத்த விளக்கைப் போய்ப் போட்டார்.