அண்ணன் ஆடிய இரண்டு ஆட்டங்கள்

பந்தாடிவிட்டு வந்த மகன் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "குஸ்தியிலயும் சேரச் சொல்றாங்கப்பா, போலாமா?" என்றான்.

அந்த வாசனையில் முப்பது வருஷத்துக்கு முந்தைய எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடு திரும்ப வந்தது. அண்ணன் மலேசியாவின் ஈப்போ நகரில் பள்ளி அணிக்குக் கால்பந்தாடினான். "குஸ்தியும் பழகுடா, ஒருத்தனும் உன்னைத் தள்ள முடியாதுலா," என்று அனுப்பியவர் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் எங்கள் அப்பா. அம்மா அவனது வீங்கிய தோளில் தைலம் தேய்த்தபடி, "பிள்ளைக்கு இருக்கிறது ஒரே உடம்புதானே," என்று முனகுவாள்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் குஸ்தியில் அண்ணனின் முழங்கால் பிசகியது. யாரிடமும் சொல்லாமல் மறுநாள் ஆடினான். பாதி ஆட்டத்தில் விழுந்தவன் அப்புறம் ஓடவே இல்லை.

அண்ணன் யாரையும் குறை சொல்லவில்லை. அப்பாதான் சாகும்வரை பந்துத் திடல் பக்கமே போகவில்லை.

"வேண்டாம்பா," என்றேன். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் தைலத்தை வாங்கி அவன் முழங்காலில் தேய்க்க ஆரம்பித்தேன்.